செம்மறிப் பண்ணையில் பூனை: விரட்டுவதா, வைத்துக்கொள்வதா?

ஒரே பட்டியில் அடுத்தடுத்துச் சில ஆடுகள் குறைமாதத்தில் குட்டி வீசிவிடுகின்றன. பூனை வழியாக வரும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிதான் காரணம் என்று ஆய்வகம் சொல்கிறது. அன்று மாலையே பண்ணைப் பூனைகளுக்குக் கெட்ட காலம் தொடங்கிவிடும். கோபத்தில் எடுக்கும் அந்த முடிவு பெரும்பாலும் நோயைக் குறைப்பதில்லை. சில இடங்களில் கூட்டியும்விடுகிறது. அதே சமயம், காலங்காலமாக இருக்கும் பூனைகள்தானே என்று கண்டுகொள்ளாமல் விடுவதும் ஆபத்தானது. செம்மறி வளர்ப்பவர் முன்னால் உண்மையில் ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் நோய்ச் சங்கிலியின் வேறு வேறு கண்ணியை அறுக்கின்றன. எந்தக் கண்ணி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதால், கிருமியின் பயணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பூனையிலிருந்து ஆட்டுக்கு

டாக்சோபிளாஸ்மா கோண்டி என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியை 1908-இல் துனிசியாவில் ஒரு கொறிவிலங்கிலும், அதே ஆண்டில் பிரேசிலில் முயலிலும் கண்டறிந்தார்கள். செம்மறிகளின் கருச்சிதைவுக்கு அது காரணமாகிறது என்பதை நியூசிலாந்தின் ஹார்ட்லியும் மார்ஷலும் 1957-இல் காட்டினார்கள். ஆனால் புல்லும் தவிடும் தின்னும் பிராணிக்கு, பிற விலங்குகளின் தசையில் குடியிருக்கும் கிருமி எப்படி வந்து சேர்கிறது என்பது அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் புதிராகவே இருந்தது. 1970-ஐ ஒட்டித்தான் முழு விடை கிடைத்தது. இந்த ஒட்டுண்ணி பூனைக் குடும்பத்து விலங்குகளின் குடலில் மட்டுமே பால்முறையில் பெருகுகிறது. 'ஊசிஸ்ட்' எனப்படும், கண்ணுக்குத் தெரியாத முட்டைகளாக அவற்றின் மலத்தில் வெளியேறுகிறது. இனி அவற்றை முட்டைகள் என்றே குறிப்பிடுகிறேன்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் எல்லா ஒப்பீடுகளும் இதன் மேல்தான் நிற்கின்றன. பூனை வாழ்நாள் முழுவதும் முட்டைகளை வெளியேற்றிக்கொண்டே இருப்பதில்லை. கிருமியுள்ள எலியையோ பறவையையோ முதன்முறையாகத் தின்ற 3 முதல் 10 நாட்களில் வெளியேற்றம் தொடங்குகிறது. ஒன்று முதல் மூன்று வாரங்களில் நின்றுவிடுகிறது. அந்தக் குறுகிய காலத்தில் ஒரே பூனை கோடிக்கணக்கில் முட்டைகளைக் கொட்டிவிடும். பிறகு அதற்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடுகிறது. சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் கிருமியைத் தின்றாலோ, உடல் மிகவும் நலிந்தாலோ சிறிதளவு மீண்டும் வெளியேறுவது உண்டு. ஆனாலும் பெரும் பங்கு அந்த முதல் முறையில்தான். எந்த ஒரு நேரத்திலும் முட்டைகளை வெளியேற்றிக்கொண்டிருக்கும் பூனைகள் நூறில் ஒன்று அளவே என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். அந்த ஒன்று யார்? பெரும்பாலும் தாய்ப்பால் மறந்து, எலி தின்னப் பழகும் குட்டி. பண்ணையின் மூலையில் படுத்திருக்கும் கிழக் கடுவனைப் பார்த்துப் பயப்படுகிறோம். வைக்கோல் போரின் மேல் விளையாடும் குட்டிகளைப் பார்த்துச் சிரிக்கிறோம். பயப்பட வேண்டிய இடம் அந்தக் குட்டிகள்தான்.

மலத்தோடு விழுந்த முட்டை உடனே நோயைத் தராது. காற்றும் ஈரமும் கிடைத்து 1 முதல் 5 நாட்களில் முதிர்ந்த பிறகே அது தொற்றும் நிலைக்கு வருகிறது. முதிர்ந்துவிட்டாலோ ஈர மண்ணில் ஓராண்டுக்கும் மேல் உயிரோடு கிடக்கும். வழக்கமான கிருமிநாசினிகளுக்கு அது மசிவதில்லை. வெப்பமும் உலர்ச்சியும்தான் அதன் எதிரிகள்: கொதிநீர் கொல்லும், வறண்ட வெயில் விரைவில் ஒழிக்கும், நிழலான ஈரக் கொட்டகை காப்பாற்றி வைக்கும்.

சினை ஆடு அதைத் தின்றால் என்ன ஆகும் என்பது சினையின் வயதைப் பொறுத்தது. செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 147 நாட்கள். முதல் 50 நாட்களுக்குள் தொற்றினால் கரு இறந்து உள்ளேயே கரைந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆடு சினை தங்கவில்லை என்று நினைத்துக் கழித்துவிடுவார்கள். 50 முதல் 120 நாட்களில் தொற்றினால்தான் நாம் கண்ணால் காணும் இழப்பு: கருச்சிதைவு, செத்துப் பிறத்தல், உலர்ந்து சுருங்கிய கரு, எழுந்து நிற்க முடியாத குட்டி. ஒரு ஈற்றில் ஒன்று உயிரோடும் மற்றது பதப்பட்ட பிணம்போலச் சுருங்கியும் வருவது இந்த நோயில் அடிக்கடி காண்பது. 120 நாட்களுக்குப் பிறகு தொற்றினால் குட்டி பெரும்பாலும் நலமாகவே பிறக்கும். சினை இல்லாத ஆடு தின்றாலோ பெரிதாக எதுவும் நடக்காது. அதற்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும், அடுத்த சினையை அது பாதுகாக்கும். ஒருமுறை இந்நோயால் குட்டி வீசிய ஆடு மறுபடி இதே காரணத்தால் வீசுவது அரிது. ஆகவே அந்த ஆட்டைக் கழிக்க வேண்டியதில்லை. இது ஆட்டிலிருந்து ஆட்டுக்கு ஒட்டும் நோயும் அல்ல.

முடிவெடுப்பதற்கு முன் நோய் இதுதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கிளமிடியா, கேம்பிலோபாக்டர், சால்மொனெல்லா, புருசெல்லா என்று குட்டி வீசச் செய்யும் கிருமிகள் பல உண்டு. அவற்றில் சில மந்தைக்குள் வேகமாகப் பரவும், பூனைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. இறந்த குட்டியோடு இளங்கொடியையும் சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். டாக்சோபிளாஸ்மாவில் கொடியில் பொத்தான் போலப் புடைத்திருக்கும் சிவந்த பகுதிகளில் (பொத்தான்களில்) ஊசிமுனை அளவிலிருந்து சில மில்லிமீட்டர் வரை வெள்ளைப் புள்ளிகள் தெரியும். பொத்தான்களுக்கு இடையிலுள்ள சவ்வு தெளிவாகவே இருக்கும். கொடியைத் தூக்கி எறிந்துவிட்டுக் குட்டியை மட்டும் அனுப்புகிறவர்கள் பாதிச் சான்றை இழக்கிறார்கள்.

இருப்பதை இருக்கிறபடி விடுவது

இந்த வழிக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. கருத்தடை செய்யாத ஒரு பெண் பூனை ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை ஈனும்; ஒவ்வொரு முறையும் மூன்று முதல் ஐந்து குட்டிகள். ஒவ்வொரு குட்டியும் எதிர்ப்புச் சக்தி இல்லாமல் வளர்ந்து, முதல் எலியைத் தின்று, தன் பங்கு முட்டைகளைக் கொட்டும். அதாவது பூனைகளைக் கவனிக்காமல் விடுவது என்றால், ஆண்டுதோறும் புதிய கொட்டும் காலங்களை நாமே ஏற்பாடு செய்வது. இதை நியாயப்படுத்த ஒரு வாதம் உண்டு: எப்போதும் பூனைகள் இருந்தால் ஆடுகளும் இளமையிலேயே தொற்றி எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடும் என்பது. அது சில ஆண்டுகளில் உண்மையாகவும் இருக்கும். ஆனால் எந்த ஆடு தொற்றியது, எது தொற்றவில்லை என்பது மழையையும் வைக்கோலையும் பூனைகளின் ஈற்றையும் பொறுத்து மாறும். நல்ல ஆண்டுகள் வரிசையாக வந்து நம்பிக்கை வளர்ந்த பிறகு, முதல் ஈற்றுப் பெட்டைகள் கூட்டமாக வீசுவதும் இதே பண்ணைகளில்தான். வேண்டுமென்றே பூனைகள் புழங்கிய கொட்டகையில் இளம் பெட்டைகளை அடைத்து வைத்துப் 'பழக்குவதும்' இதே குறையுடையதுதான். அளவு நம் கையில் இல்லாத தொற்றைத் தடுப்பூசியாக நம்பக் கூடாது.

பூனையே இல்லாத பண்ணை

கொள்கையளவில் இதுதான் மிகச் சரியான விடை. பூனை இல்லாவிட்டால் முட்டை இல்லை. பூனைகள் இல்லாத சிறு தீவுகளில் வளர்ந்த செம்மறிகளிடம் இந்தத் தொற்று மிகக் குறைவாகவே காணப்பட்டதை ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வுகள் காட்டின. மறுபுறம் காட்டுப் பூனைகளாக மாறிய வீட்டுப் பூனைகள் நெருக்கமாகத் திரியும் கங்காரு தீவில், செம்மறிகளிடம் தொற்று ஆஸ்திரேலியப் பெருநிலப்பகுதியைவிட அதிகம். அங்கே பூனைகளை அடியோடு அகற்றும் முயற்சி நடக்கிறது. அதற்காக ஒரு தீபகற்பத்தின் குறுகிய கழுத்தில் வேலியே போட்டிருக்கிறார்கள்.

அந்த வேலிதான் இந்த வழியின் கடினத்தைச் சொல்கிறது. கடல் சூழ்ந்த நிலத்திலேயே வேலி தேவைப்படுகிறது என்றால், நாலாபுறமும் ஊரும் வயலும் காடும் இருக்கும் பண்ணையில் என்ன செய்ய முடியும்? எலியும் தீவனமும் இருக்கும் இடம் காலியாக இருக்காது. எல்லை காத்த பழைய பூனைகளைப் பிடித்துக்கொண்டு போனால், அந்த இடத்தைத் தேடி அக்கம்பக்கத்துப் பூனைகள் வரும். அவற்றில் இளையவையே அதிகம், ஏனென்றால் தனக்கென்று இடமில்லாமல் அலைபவை அவைதான். டாஸ்மேனியாவில் நடந்த ஓர் ஆய்வில், சிறிய அளவில் தொடர்ந்து பூனைகளைப் பிடித்து அகற்றிய இடங்களில் அவற்றின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது. செம்மறிக் கொட்டகைக்கு இதன் பொருள் தெளிவு: கொட்டி முடித்த பூனைகளை அனுப்பிவிட்டு, இனிமேல்தான் கொட்டப்போகும் பூனைகளை வரவேற்கிறோம்.

எலிகளின் பக்கமும் பார்க்க வேண்டும். பூனை போன பின் எலி பெருகும், தீவனம் வீணாகும், லெப்டோஸ்பைரா, சால்மொனெல்லா போன்ற வேறு கிருமிகள் எலி வழியே வரும். விஷம் வைத்தால் செத்த எலியைத் தின்னும் ஆந்தையும் நாயும் மடியும். சுண்டெலிகளிடம் இந்த ஒட்டுண்ணி தாயிடமிருந்து குட்டிக்குத் தலைமுறை தலைமுறையாகக் கடந்துகொண்டே இருக்க வல்லது. ஆகவே பூனை இல்லாத இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வரும் முதல் பூனைக்கும் கிருமி தயாராகக் காத்திருக்கும். அந்த இடைவெளியில் பிறந்த ஆடுகளோ எந்த எதிர்ப்புச் சக்தியும் இல்லாதவை. அப்போது வரும் இழப்பு பழைய இழப்பைவிடப் பெரிதாக இருக்கலாம்.

ஆகவே இந்த வழியை இரண்டு வகைப் பண்ணைகளுக்கு மட்டுமே பரிந்துரைப்பேன். ஒன்று, இயற்கையாகவே தனித்திருக்கும் நிலம். மற்றொன்று, தீவனக் கிடங்கு முழுவதும் கதவடைத்த கட்டடமாக இருந்து, எலிக்கட்டுப்பாட்டைத் தொழிலாகவே நடத்தும் பெரிய பண்ணை. மற்றவர்களுக்கு இது வருடா வருடம் தொடரும் போராக மாறிவிடும். அந்தப் போரில் வெல்வது பூனையாகத்தான் இருக்கும்.

சில பூனைகள், அறிந்த பூனைகள்

என் மனம் நிற்பது இந்த வழியில். இரண்டு அல்லது மூன்று வளர்ந்த பூனைகள், எல்லாவற்றுக்கும் கருத்தடை, நல்ல உணவு, பண்ணையை விட்டு அலையாத வாழ்க்கை. இவை எலியையும் மட்டுப்படுத்தும், வெளிப்பூனைகள் குடியேறுவதையும் ஓரளவு தடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கே குட்டிகள் பிறப்பதில்லை. நோயின் ஊற்றுக்கண் குட்டிகள் என்றால், அந்த ஊற்றை அடைக்கும் ஒரே வழி கருத்தடைதான்.

இதில் பலருக்கும் வியப்பாக இருக்கக்கூடிய ஒன்று உண்டு. பண்ணைக்குப் பூனை தேர்ந்தெடுக்கும்போது இரத்தப் பரிசோதனை செய்தால், டாக்சோபிளாஸ்மாவுக்கு எதிர்ப்பொருள் இருப்பதாக வரும் பூனையைத்தான் விரும்ப வேண்டும். எதிர்ப்பொருள் இருக்கிறது என்றால் அது முன்பே தொற்றியிருக்கிறது, கொட்ட வேண்டியதைப் பெரும்பாலும் கொட்டி முடித்துவிட்டது. எதிர்ப்பொருள் இல்லாத பூனை இனிமேல்தான் கொட்டும். ஊருக்குள் மூடிய வீட்டில் வளர்ந்த, எலியே பார்த்திராத ஒரு வயதுப் பூனையைச் 'சுத்தமானது' என்று சினைக்காலத்தில் கொட்டகைக்குக் கொண்டுவருவது மிகவும் தவறான தேர்வு. ஆசையாகக் கேட்கும் குழந்தைக்காகப் பூனைக்குட்டி வாங்குவதென்றாலும், ஆடுகள் ஈன்று முடியும் வரை காத்திருக்கலாம்.

இவ்வழியின் பலவீனங்களை மறைக்கக் கூடாது. முதலாவது, கருத்தடை ஒரே மூச்சில் நடக்க வேண்டும். ஐந்தில் நான்கு பூனைகளுக்குச் செய்துவிட்டு ஒரு தாய்ப்பூனையை விட்டுவைத்தால் ஓராண்டுக்குள் பழைய நிலைக்கு வந்துவிடுவோம். பிடிபடாத அந்த ஒன்றுதான் பெரும்பாலும் மிகச் சூட்டிகையான பெண் பூனை. அதற்காகப் பொறிக்கூண்டை மறைவாக வைத்துப் பல இரவுகள் பொறுத்திருக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, கருத்தடை செய்த பூனையும் எலி தின்னும்; அதனிடமிருந்து ஆபத்து பூச்சியம் ஆகிவிடாது. பூனைக்குப் போடக்கூடிய டாக்சோபிளாஸ்மா தடுப்பூசி எதுவும் சந்தையில் இல்லை. ஆய்வகத்தில் உருவாக்கிப் பார்த்த ஒன்று வணிகமாக வரவேயில்லை. மூன்றாவது, அண்டைப் பண்ணையின் பூனை. வேலி தாண்டி வரும் கடுவனுக்கு உங்கள் ஏற்பாடுகள் தெரியாது. அக்கம்பக்கத்தாரோடு பேசி ஒரே காலத்தில் கருத்தடை செய்துகொள்வது தனித்தனியாகச் செய்வதைவிடப் பல மடங்கு பயன் தரும். சுற்றியுள்ளவர்கள் ஒத்துழைக்கவே மாட்டார்கள் என்றால், இந்த வழியின் பலன் பாதியாகக் குறைந்துவிட்டது என்று கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உணவு விஷயத்திலும் ஒரு கண்டிப்பு வேண்டும். பட்டினி போட்டால்தான் பூனை எலி பிடிக்கும் என்பது பழைய நம்பிக்கை. நன்றாகச் சாப்பிட்ட பூனையும் வேட்டையாடும். பசித்த பூனை வேட்டையாடுவதோடு பிணத்தையும் தின்னும், தொலைவுக்கும் போகும். பச்சை இறைச்சியைப் போடாதீர்கள். ஈன்ற ஆட்டின் கொடியையும் செத்த குட்டியையும் எந்த நிலையிலும் பூனைக்கு எட்டவிடாதீர்கள். அவற்றை உடனே எடுத்து எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். தொற்றிய கொடியைப் பூனை தின்பது, ஆட்டின் கிருமியைப் பூனை வழியாக மறுபடி ஆட்டுக்கே திருப்பித் தருவதாகும்.

பூனை எங்கே மலம் கழிக்கிறது என்பதையும் நாம் ஓரளவு தீர்மானிக்கலாம். அதற்குத் தளர்வான, உலர்ந்த, தோண்டக்கூடிய இடம் வேண்டும். கொட்டிக் கிடக்கும் தானியமும் உதிரி வைக்கோலும் அப்படிப்பட்டவைதான். தீவனத்திலிருந்து தள்ளி மணல் நிரப்பிய ஓர் இடத்தை அமைத்து, தினமும் ஒருமுறை அள்ளி அப்புறப்படுத்தினால், முட்டை முதிர்வதற்கு முன்பே போய்விடும். மேலே சொன்ன 1 முதல் 5 நாள் கணக்கு இங்கேதான் நமக்கு உதவுகிறது. அள்ளுபவர் கையுறை போட வேண்டும், கர்ப்பிணியாக இருக்கக் கூடாது.

கதவும் மூடியும்

பூனையைப் பற்றி எந்த முடிவெடுத்தாலும் இதைச் செய்யாமல் எதுவும் நிற்காது. நிபுணர்கள் எடுத்துக்காட்டும் ஒரு கணக்கு இருக்கிறது. கொட்டும் காலத்தில் ஒரு பூனை ஒருமுறை கழிக்கும் ஏறத்தாழ 50 கிராம் மலத்தில் 1 கோடி முட்டைகள் இருக்கலாம். அது 10 டன் அடர்தீவனத்தில் சீராகக் கலந்துவிட்டது என்று வையுங்கள். கிலோவுக்கு 1,000 முட்டைகள். பரிசோதனைகளில் 200 முட்டைகளே சினை ஆடுகளில் இழப்பை உண்டாக்கப் போதுமானதாக இருந்திருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு கிலோ தீவனத்திலும் ஐந்து ஆடுகளுக்கான நோய் இருக்கிறது. மேய்ச்சல் நிலத்தில் சிதறும் மலம் மழையிலும் வெயிலிலும் நீர்த்துப்போகிறது. கிடங்கில் விழும் மலத்தையோ நாமே கலந்து, நாமே அள்ளி, சினை ஆட்டின் வாய்க்குக் கொண்டுபோய் வைக்கிறோம். பூனை குட்டி ஈனத் தேடும் இடமும் பெரும்பாலும் அந்த வைக்கோல் அடுக்குதான் என்பது கூடுதல் கொடுமை.

அடர்தீவனத்தை மூடியுள்ள பீப்பாயிலோ கதவடைத்த அறையிலோ வையுங்கள். சினை ஆடுகளுக்கான வைக்கோலையும் உலர்புல்லையும் தனியே பிரித்து, தார்ப்பாயால் அல்லது வலையால் அடைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் மூட முடியாதென்றால், சினையின் நடு இரண்டு மாதங்களுக்கு வேண்டியதை மட்டுமாவது மூடி வையுங்கள். அடுக்கின் மேற்பரப்பில் பூனை மலம் தெரிந்தால் அந்தப் பகுதியை எடுத்து எரித்துவிடலாம். சினை இல்லாத ஆட்டுக்குப் போடலாம் என்று சிக்கனம் பார்க்கிறவர்களும் உண்டு, அது என் பரிந்துரை அல்ல. தண்ணீர்த் தொட்டியின் மேல் மட்டத்தை உயர்த்துங்கள். பூனை புழங்கிய கொட்டகையின் எருவை நன்றாகச் சூடேறி மக்கும்படி குவித்து வைத்த பிறகே மேய்ச்சல் நிலத்தில் இறைக்க வேண்டும்.

இன்னொரு பலனும் இதில் உண்டு: மூடிய கிடங்கில் எலிக்கு உணவில்லை. எலி குறைந்தால் பூனைகளும் தாமே குறையும். பூனையை விரட்டச் செலவிடும் சக்தியைக் கிடங்கின் கதவுக்குச் செலவிட்டால் இரண்டு வேலையும் முடிகிறது.

தடுப்பூசியும் மருந்துத் தீவனமும்

இதுவரை சொன்னவை பூனையின் பக்கம். ஆட்டின் பக்கமிருந்தும் தடுக்கலாம். செம்மறிக்கென ஓர் உயிருள்ள தடுப்பூசி இருக்கிறது. 1980-களின் இறுதியில் நியூசிலாந்தில் விற்பனைக்கு வந்தது, பிறகு பிரிட்டன் உள்ளிட்ட சில நாடுகளுக்கும் பரவியது. எஸ்48 என்ற கிருமி வகையை எலிகளில் 3,000 முறைக்கு மேல் மாற்றி மாற்றி வளர்த்ததில், தசையில் நிலைத்துத் தங்கும் திறனை அது இழந்துவிட்டது. ஆகவே எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிட்டு மறைந்துவிடுகிறது. கிடாவோடு சேர்ப்பதற்குக் குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன் போட வேண்டும். சினை ஆட்டுக்குப் போடக் கூடாது. பாதுகாப்பு இரண்டு ஈற்றுக் காலங்களாவது நிற்கும். உயிருள்ள மருந்து என்பதால் சில நாட்களே கெடாமல் இருக்கும். முன்பதிவு செய்து வாங்கி, குளிரிலேயே கொண்டுவந்து, உடனே போட வேண்டும். மனிதருக்கும் தொற்றக்கூடியது அது. கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் அதைத் தொடவே கூடாது.

தடுப்பூசி கிடைக்கும் நாட்டில் இருப்பவருக்கு என் பதில் தயக்கமில்லாதது: போடுங்கள். பூனையை எவ்வளவு கட்டுப்படுத்தினாலும் மிஞ்சும் ஆபத்தைத் தாங்கிக்கொள்ளும் ஒரே ஏற்பாடு இதுதான். ஆனால் இது எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை. கிடைக்காத இடங்களில் கேள்வி மீண்டும் பூனைக்கும் கிடங்குக்கும் திரும்பிவிடுகிறது.

மருந்து கலந்த தீவனம் நடுவழி. டெகோக்வினேட் மருந்தை ஆட்டின் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் சினையின் பெரும்பகுதிக் காலம் கொடுத்தால் இழப்பு குறைகிறது. மொனென்சினும் ஆடொன்றுக்கு நாளைக்கு 15 மில்லிகிராம் அளவில் பயன்பட்டதைச் சோதனைகள் காட்டின. ஆனால் மொனென்சின் சில நாடுகளில் அனுமதிக்கப்படவில்லை. அளவு சற்று மிகுந்தாலும் ஆட்டுக்கே நஞ்சாகும். குதிரை தின்றால் சிறிதளவே உயிரை வாங்கிவிடும். எந்த மருந்தானாலும், முண்டியடித்துத் தின்னும் ஆட்டுக்கு அதிகமாகவும் ஒதுங்கி நிற்கும் ஆட்டுக்குக் குறைவாகவும் போய்ச் சேரும் என்பது தீவன மருந்துகளின் தீராத குறை. நோய் வெளிப்பட்ட ஆண்டில், இன்னும் ஈனாத ஆடுகளைக் காப்பாற்றும் அவசர ஏற்பாடாக, கால்நடை மருத்துவரின் சீட்டோடு கொடுக்கலாம். ஆண்டுதோறும் நம்பியிருக்கும் வழியாக இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

யாருக்கு எது

உங்கள் மந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் தேர்வு செய்வது குருட்டு வேலை. கிடா சேர்ப்பதற்கு முன், முதல் ஈற்றுப் பெட்டைகளில் சிலவற்றுக்கும் வயதான ஆடுகளில் சிலவற்றுக்கும் இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். இரு பிரிவிலும் எதிர்ப்பொருள் பரவலாக இருந்தால் பண்ணை நிலம் ஏற்கெனவே அழுக்கடைந்திருக்கிறது. வெளியிலிருந்து வாங்கும் பெட்டைகள்தான் அங்கே பலியாகும். அவற்றைச் சினைக்கு முன்பே, கூடுமானவரை சில மாதங்களுக்கு முன்பே வாங்குங்கள், சினையோடு வாங்காதீர்கள். வயதான ஆடுகளிடம் இருந்து இளையவற்றிடம் இல்லாவிட்டால் அண்மைக் காலத்தில் தொற்று குறைந்திருக்கிறது, ஆனால் இளம் பெட்டைகள் பாதுகாப்பின்றி நிற்கின்றன. தடுப்பூசி கிடைத்தால் முதலில் போட வேண்டியது அவற்றுக்குத்தான். இரண்டிலும் இல்லாவிட்டால், அந்த நிலையைக் காப்பதே முதல் வேலை. புதிய பூனை எதையும் கொண்டுவர வேண்டாம், தீவனத்தை எங்கிருந்து வாங்குகிறீர்கள், அது எங்கே அடுக்கப்பட்டிருந்தது என்பதைக்கூடக் கேளுங்கள்.

சின்ன மந்தை, திறந்த கொட்டகை, தடுப்பூசி கிடைக்காத இடம் என்றால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் சினை ஆட்டின் தீவனத்துக்கு மூடி, அடுத்து இருக்கும் பூனைகள் அனைத்துக்கும் கருத்தடை, பிறகு கொடியையும் செத்த குட்டியையும் அப்புறப்படுத்தும் ஒழுங்கு. இவை மூன்றுக்கும் பிறகு எஞ்சும் பூனைகளை நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையைப் பற்றிய முடிவு எதுவானாலும், அவர் ஆடு ஈனும் இடத்துக்கு வரக் கூடாது. வீசிய குட்டியையும் கொடியையும் தொட்ட உடையைக்கூட அவர் துவைக்கக் கூடாது. டாக்சோபிளாஸ்மா மட்டுமல்லாமல் கிளமிடியாவும் லிஸ்டீரியாவும் அங்கே இருக்கலாம். இறைச்சியை நடுப்பகுதி வரை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுவதும், மண் பட்ட காய்களைக் கழுவுவதும் பூனையை விட்டு ஒதுங்கியிருப்பதைவிடக் குறைந்த முக்கியத்துவம் உள்ளவை அல்ல.

எடுத்த முடிவு பலித்ததா என்று அறியவும் வழி உண்டு. அடுத்த ஆண்டு பண்ணையிலேயே பிறந்து வளர்ந்த பெட்டைகளில் சிலவற்றைத் தடுப்பூசி போடுவதற்கு முன் பரிசோதியுங்கள். போட்ட பின் சோதித்தால் ஊசியால் வந்த எதிர்ப்பொருளும் நோயால் வந்ததும் பிரித்தறிய முடியாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பொருள் மறைந்த வயதாகவும் இருக்க வேண்டும், ஆறு மாதம் தாண்டிய பிறகு பார்த்தால் நல்லது. முந்தைய ஆண்டின் பெட்டைகளைவிட இவற்றில் தொற்று குறைந்திருந்தால் கதவும் கருத்தடையும் வேலை செய்கின்றன. குறையாவிட்டால் பிடிபடாத ஒரு பெண் பூனையையோ, திறந்து கிடக்கும் ஒரு வைக்கோல் அடுக்கையோ தேடத் தொடங்குங்கள்.